ஓடாதே என்று சொன்ன இரண்டாயிரம் ஆண்டு

ஆஸ்துமா உள்ளவர்கள் ஓடக் கூடாது என்று சொன்னவர்கள் விவரம் கெட்டவர்கள் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். ஓடினால் இழுப்பு வருகிறது, உட்கார்ந்திருந்தால் வரவில்லை, ஆகவே உட்கார். இந்த வைத்தியம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்து என் அம்மா வரைக்கும் வந்து சேர்ந்தது. "இழுப்புக்காரப் பொம்பள காலங்காத்தால ரோட்டுல ஓடுனா, வீட்டுல இருக்குறவங்களத்தான் நாலு பேரு திட்டுவாங்க" என்பது அதில் அம்மா தன் பங்குக்குச் சேர்த்த வரி.

சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முப்பது வயதுக்கு மேல்தான் எனக்கு ஆஸ்துமா வந்தது. நாற்பதுக்கு மேல்தான் ஓட ஆரம்பித்தேன். நெஞ்சுநோய் மருத்துவர் "ஓடுங்கம்மா" என்று சொன்னபோது, மருத்துவர்கள் இப்படிச் சொல்லத் தொடங்கியது எப்போது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் பைண்டு செய்த பழைய ஆங்கில மருத்துவ இதழ்கள் வரிசையாக இருந்தன. அந்தத் தூசு எனக்கு ஆகாது. முகக்கவசம் கட்டிக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு தொகுதியாக மேலே கொண்டுவந்து படித்தேன். படித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஆஸ்துமாக்காரர்களை ஓடவிட்டது யாருடைய தைரியமும் இல்லை. மூச்சை நிமிடக் கணக்கில் அளக்கத் தெரிந்த பிறகுதான் அந்த அனுமதி கிடைத்தது.

ஓட்டத்தால் அடையாளம் கண்ட நோய்

இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவைச் சேர்ந்தவர் அரிட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர். கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் வாழ்ந்தவர். ஆஸ்துமாவை விரிவாக விவரித்த முதல் ஆட்களில் ஒருவர். அவர் இந்த நோயை இனம் காட்டும் முதல் அடையாளமே ஓட்டம்தான். ஓடினாலோ உடற்பயிற்சி செய்தாலோ வேறு வேலை செய்தாலோ மூச்சு முட்டினால் அது ஆஸ்துமா என்கிறார். நோயாளி வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெட்டவெளிக்கு வந்து, நிமிர்ந்து நின்று, வாயைத் திறந்து காற்றைத் தேடுவதை அவர் எழுதியிருக்கும் விதத்தைப் படித்தால், இந்த மனிதர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார் என்பது இழுப்புக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

நோயைக் காட்டிக்கொடுத்த ஓட்டமே நோய்க்குக் காரணம் என்று ஆகிவிட்டது. பிறகு வந்தவர்கள் பலரும் சோறு, தூக்கம், காற்று, மனம் என்று மற்ற பக்கங்களில் வழி தேடினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தில் அரச குடும்பத்து நோயாளி ஒருவருக்காக மைமோனிடிஸ் அரபு மொழியில் எழுதிய ஆஸ்துமா நூல் இந்த வழிக்கு நல்ல உதாரணம். அளவாகச் சாப்பிடு, சுத்தமான காற்றில் இரு, கோழி சூப் குடி.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜான் ஃப்ளாயர். இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்ற ஊரில் மருத்துவம் பார்த்தவர், தானே நெடுநாள் ஆஸ்துமா நோயாளி. 1698இல் ஆஸ்துமாவைப் பற்றித் தனி நூல் எழுதினார். அசைவு எல்லாம் ஒன்றல்ல, சிலது மூச்சை முட்டவைக்கும், குதிரையேற்றம் போன்ற சிலது அவ்வளவு தொல்லை தராது என்று வகை பிரித்துப் பார்த்தார். 1707இல் இன்னொரு நூல் வெளியிட்டார். அது நாடியைப் பற்றியது. சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்யச் சொல்லி, அதை வைத்துக்கொண்டு நாடித்துடிப்பை எண்ணினார். அதுவரை நாடி வேகமா, மெதுவா என்பது மருத்துவரின் விரல் சொல்லும் தீர்ப்பு. இவர் அதை எண்ணாக்கினார். இன்று ஓடுபவர்கள் மணிக்கட்டில் கடிகாரம் கட்டிக்கொண்டு துடிப்பைப் பார்க்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் மூதாதை ஓர் ஆஸ்துமாக்காரர். ஃப்ளாயர் எண்பது வயதைத் தாண்டி 1734 வரை வாழ்ந்தார்.

மதராஸிலிருந்து போன புகை

மருந்தின் வரலாற்றில் நம் ஊர் ஓரிடத்தில் நடுவாக வந்து நிற்கிறது. ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இழுப்பு அடங்கும் என்பது இங்கே பழைய கைவைத்தியம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மதராஸின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அதைத் தெரிந்துகொண்டார். சைதாப்பேட்டையில் சாயப்பூச்சி வளர்க்கச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டவர் இதே ஆண்டர்சன்தான். அவரிடமிருந்து ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி அதைக் கற்று, 1802ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊமத்தைச் சுருட்டும் ஊமத்தைப் பொடியும் மருந்துக் கடைகளில் விற்றன. இழுப்புக்குச் சிகரெட் பிடிக்கச் சொன்ன காலம் அது. அதில் வேலை செய்த அட்ரோபின் வகைப் பொருள் காற்றுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். அந்த வகையிலிருந்து வந்த இப்ராட்ரோபியம் இன்றும் ஆஸ்பத்திரி நெபுலைசரில் இருக்கிறது. ஊமத்தை நஞ்சு என்பதும், அளவு தெரியாமல் புகைத்தவர்கள் புத்தி தடுமாறினார்கள் என்பதும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை. யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

1860இல் லண்டனில் ஹென்றி ஹைட் சால்ட்டர் ஆஸ்துமா பற்றி எழுதிய நூல் அந்த நூற்றாண்டின் முக்கியமான நூல். அவரும் ஆஸ்துமாக்காரர். வெறும் வயிற்றில் குடிக்கும் கெட்டியான கறுப்புக் காப்பியை அவர் சிபாரிசு செய்தார். காப்பியின் கஃபீனும், நம் ஊரில் இழுப்பு என்று போனால் கொடுத்துவந்த டெரிபிலினில் இருக்கும் தியோபிலினும் ஒரே குடும்பம். ஓட்டமும் குளிர்ந்த காற்றும் இழுப்பைக் கிளப்புகின்றன என்பதையும் சால்ட்டர் கவனித்து எழுதினார். இரண்டையும் அவர் அருகருகே வைத்தார். இரண்டுக்கும் உள்ள தொடர்பு பிடிபட இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்தக் காலத்துப் பெயர்பெற்ற ஆஸ்துமாக்காரர்கள் இருவரை எல்லாரும் எதிரெதிராக நிறுத்துவார்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்துக்குச் சிறுவயதில் பாரிஸின் புலோன் காட்டில் நடந்துவிட்டுத் திரும்பும்போது முதல் இழுப்பு வந்தது. பிற்காலத்தில் கார்க் பலகை பதித்த அறையில், ஜன்னலை மூடி, மருந்துப் புகைக்குள் படுத்தபடியே எழுதினார். அமெரிக்காவின் தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கும் சிறுவயதிலேயே கடும் ஆஸ்துமா. அப்பா வீட்டிலேயே உடற்பயிற்சிக் கருவிகளை வாங்கிப்போட்டு உடம்பைத் தேற்றச் சொன்னார். மகன் குத்துச்சண்டை, குதிரை, வேட்டை என்று போய்க் கடைசியில் ஜனாதிபதியானார்.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொல்லி, பார்த்தாயா வைராக்கியம் இருந்தால் போதும் என்று முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. சிறுவயதில் தொடங்கும் ஆஸ்துமா பலருக்கு வளர வளரத் தானே தணியும். ரூஸ்வெல்ட்டுக்கு வைராக்கியம் எவ்வளவு உதவியது, வயது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல அப்போது ஒரு கருவியும் இல்லை. வைராக்கியக் கதையால் வந்த கெடுதல் அதிகம். இழுப்பு என்பது மனசு சம்பந்தப்பட்டது என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களிடமே இருந்தது. அமெரிக்காவில் டென்வரில் ஆஸ்துமாக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்து வளர்ப்பதையே ஒரு சிகிச்சையாக நடத்தினார்கள். அம்மாவின் பாசம் குழந்தையின் காற்றுக்குழாயை நெரிக்கிறது என்று நம்பிய காலம்!

ஊதச் சொன்னவர்கள்

மூச்சை அளப்பதற்கு முதல் நல்ல கருவியை 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் கொண்டுவந்தார். ஸ்பைரோமீட்டர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து, நுரையீரலின் கொள்ளளவு உயரத்தோடு சேர்ந்து கூடுகிறது என்று காட்டினார். ஆஸ்துமாவுக்கு அது அரைக் கிணறு. இழுப்பில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே முக்கியம். 1947இல் பிரான்சில் டிஃபினோ முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்றை அளக்கச் சொன்னார். 1959இல் பிரிட்டனில் மார்ட்டின் ரைட், சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராயும் இடத்தில் வேலை பார்த்தபோது உருவாக்கிய பீக் ஃப்ளோ மீட்டரை வெளியிட்டார். பிறகு அது சுருங்கி, கைப்பைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் குழாயாக வந்தது. என் மேஜையில் ஒன்று இருக்கிறது. நல்ல நாளில் நான் ஊதினால் முள் 380இல் நிற்கும்.

இந்தக் கருவிகள் வந்த பிறகுதான் ஓட்டத்தின் குட்டு வெளிப்பட்டது. 1962இல் லிவர்பூலில் ஜோன்ஸ் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் ஆஸ்துமாக் குழந்தைகளை ஓடவிட்டு, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஊதவைத்தார்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஓடிய குழந்தைகளின் காற்றுக்குழாய் முன்பைவிட விரிந்திருந்தது. எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் ஓடியவர்களுக்குச் சுருங்கியிருந்தது. அதே குழந்தைகள், அதே கால்கள். நிமிடம் மாறினால் விளைவு தலைகீழ்.

இதைப் படித்த அன்று தொகுதியை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அரிட்டேயஸ் பார்த்தது உண்மை. அவர் ஓட்டத்தின் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்தார், அவ்வளவுதான். முதல் இரண்டு நிமிடத்தில் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஊதினால்தான் தெரியும்.

அதற்குப் பிறகு கண்டுபிடிப்புகள் வேகமாக வந்தன. ஓடும்போதைவிட ஓடி நின்ற பிறகு ஐந்து பத்து நிமிடத்தில்தான் குழாய் அதிகமாகச் சுருங்குகிறது என்று தெரிந்தது. ஆறு முதல் எட்டு நிமிடம் பலமாக ஓடவைத்து ஊதச் சொல்வது சோதனை முறையாகவே ஆகிவிட்டது. 1971இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ஃபிட்சும் மார்ட்டனும் ஆஸ்துமாக்காரர்களை ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் நீந்தவும் வைத்து ஒப்பிட்டார்கள். ஓட்டம்தான் அதிகம் இழுக்கவைத்தது. சைக்கிள் அடுத்தது. நீச்சல் கடைசி. ஆஸ்துமா இருந்தால் நீந்தக் கற்றுக்கொள் என்ற ஆலோசனைக்கு அப்போது அறிவியல் துணை கிடைத்தது. அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவின் டான் ஃப்ரேசர், ஆஸ்துமாவோடு, 1956, 1960, 1964 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் நூறு மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியிருந்தார்.

நீச்சல் குளம் உள்ள ஊருக்கு அது நல்ல ஆலோசனை. குளத்துக்குக் காசும் நேரமும் மாற்றுத்துணியும் வேண்டும், பெண்ணாக இருந்தால் தனி நேரமும் வேண்டும். செருப்பைக் கழற்றிக் காலணி மாட்டினால் போதும் என்று இருப்பது ஓட்டம் ஒன்றுதான். ஆகவே நோய்க்கு மிக மோசமான உடற்பயிற்சியும் சாமானியருக்கு மிக மலிவான உடற்பயிற்சியும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அதனால்தான் ஓட்டத்துக்கு அனுமதி கடைசியாக வந்தது.

காற்றின் ஈரம்

ஏன் ஓட்டம் இழுக்கவைக்கிறது என்பதற்கு 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மெக்ஃபேடன் குழுவினர் ஒரு விளக்கம் தந்தார்கள்: உள்ளே போகும் காற்றைச் சூடாக்குவதில் காற்றுக்குழாய் குளிர்கிறது. சிட்னியில் சாண்ட்ரா ஆண்டர்சன் இன்னொன்று சொன்னார்: காற்றுக்கு ஈரம் கொடுப்பதில் குழாயின் உட்சுவர் உலர்கிறது, உலர்ந்தால் அங்குள்ள செல்கள் சுருங்கவைக்கும் வேதிப்பொருள்களை விடுகின்றன. இரண்டும் கணக்கு ஒன்றில் சந்திக்கின்றன. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்று போய்வருகிறது. ஓடும்போது அது 60 லிட்டரைத் தாண்டும். அவ்வளவையும் மூக்கு வழியாக இழுக்க முடியாது, வாய் திறந்துகொள்ளும். மூக்கு செய்துவந்த ஈரமாக்கும் வேலை முழுக்கக் குழாயின் தலையில் விழுகிறது. சால்ட்டர் அருகருகே எழுதிவைத்த ஓட்டமும் குளிர்காற்றும் இங்கே வந்து ஒன்றாயின.

எங்கள் சென்னைக்காரர்கள் வாய் ஓயாமல் திட்டும் புழுக்கம் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் கட்சி. விடிகாலையில் காற்றில் ஈரப்பதம் 70, 80 விழுக்காடு இருப்பது இங்கே சாதாரணம். சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், ஆனால் குழாய் உலராது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக டிசம்பரில் ஊட்டிக்குப் போயிருந்தபோது, குளிரில் சின்ன மேட்டில் ஓடினதற்கே நெஞ்சு பிடித்துக்கொண்டது. பெங்களூரில் மகன் வீட்டுப் பக்கத்தில் உள்ள ஏசி ஜிம்மிலும் அப்படித்தான். காரணம் தெரிந்துவிட்டதால் பயம் வரவில்லை. துப்பட்டாவை மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்துச் சுற்றிக்கொண்டேன். விட்ட மூச்சின் ஈரம் துணியில் தங்கி அடுத்த மூச்சோடு உள்ளே போகும்.

இன்னொரு கண்டுபிடிப்பு ஓடுபவர்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது. ஓட்டத்தால் ஒருமுறை குழாய் சுருங்கி விரிந்த பிறகு, அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி ஓடினால் பலருக்கு முன்போல் சுருங்குவதில்லை. 1980இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷ்னாலும் லாண்டாவும், அரை நிமிட வேக ஓட்டங்களை இடைவெளி விட்டுச் சில தடவை ஓடிவிட்டுப் பிறகு நீளமாக ஓடினால் சுருக்கம் குறைகிறது என்று காட்டினார்கள். வார்ம் அப் என்று பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வது ஆஸ்துமாக்காரருக்கு மருந்துபோல் ஆனது இப்படித்தான்.

மருந்து திறந்த கதவு

கடிகாரமும் மீட்டரும் வழி காட்டின, கதவைத் திறந்தது மருந்து. 1956இல் அமெரிக்காவில் ரைக்கர் நிறுவனம் அழுத்தி அடிக்கும் இன்ஹேலரைக் கொண்டுவந்தது. நிறுவனத் தலைவரின் பதின்மூன்று வயது மகள், ஆஸ்துமாவுக்காகக் கண்ணாடிக் குப்பியைப் பிழிந்து மருந்து இழுத்துக்கொண்டிருந்தவள், இதைத் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பாவில் போடக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டதிலிருந்து பிறந்தது அது. 1960களின் கடைசியில் பிரிட்டனிலிருந்து சால்புடமால் வந்தது. இதயத்தைப் படபடக்கவைப்பது முந்தைய மருந்தைவிடக் குறைவு. 1972இல் இழுக்கும் ஸ்டீராய்டு வந்தது. முதலாவது குழாயை அப்போதைக்கு விரிக்கும். இரண்டாவது குழாயின் உள்வீக்கத்தை நாளடைவில் தணிக்கும்.

நடுவில் ரோஜர் ஆல்ட்டூன்யன் என்ற மருத்துவர் வருகிறார். ஆஸ்துமாக்காரர். ஆர்தர் ரான்சம் எழுதிய புகழ்பெற்ற சிறுவர் நாவலில் வரும் ரோஜர் என்ற பையனுக்குச் சிறுவயதில் இவரே மாதிரி. கினி எலியின் முடியும் செதிலும் கலந்த சாரத்தைத் தானே இழுத்து வேண்டுமென்றே இழுப்பை வரவழைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேதிப்பொருளாகத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தார். வருடக்கணக்கில். அப்படிக் கிடைத்த குரோமோகிளைக்கேட், ஓட்டத்துக்கு முன் இழுத்துக்கொண்டால் இழுப்பைத் தடுக்கும் மருந்தாக 1960களின் கடைசியில் சந்தைக்கு வந்தது. இந்த நோயின் வரலாற்றில் நோயாளிகளே மருத்துவர்களாக அடிக்கடி வந்துபோவதைக் கவனித்திருப்பீர்கள். ஃப்ளாயர், சால்ட்டர், ஆல்ட்டூன்யன். தன் மூச்சு முட்டியவனுக்கு அடுத்தவன் மூச்சை அளக்கப் பொறுமை வரும்போலும்.

மருந்து வந்ததால் வேறொரு வம்பும் வந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பதினாறு வயது அமெரிக்கப் பையன் ரிக் டிமான்ட் 400 மீட்டர் நீச்சலில் நூறில் ஒரு விநாடி வித்தியாசத்தில் தங்கம் வாங்கினான். அவன் சாப்பிட்டுவந்த ஆஸ்துமா மருந்தில் எஃபிட்ரின் இருந்ததால் பதக்கம் பறிபோனது. மருந்து சாப்பிடுவதை அவன் படிவத்தில் முன்பே எழுதிக்கொடுத்திருந்தான். அமெரிக்க ஒலிம்பிக் குழு 2001இல்தான் தவறு தங்கள் பக்கம் என்று ஒப்புக்கொண்டது. பதக்கம் திரும்பவில்லை.

அந்தக் காயத்துக்குப் பிறகு, விளையாட்டு மருத்துவர்கள் வீரர்களை முன்கூட்டியே சோதிக்க ஆரம்பித்தார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற அமெரிக்க அணியின் 597 பேரில் 67 பேருக்கு உடற்பயிற்சியால் வரும் ஆஸ்துமா இருப்பது தெரிந்தது. அந்த 67 பேர் 41 பதக்கங்களோடு திரும்பினார்கள். வைராக்கியக் கதைகள் ஆயிரம் சொல்லியும் மாறாததை இந்த ஒரு கணக்கு மாற்றியது என்பேன். பிறகு வந்த ஆஸ்துமாக்காரர்கள் உலகறிந்தவர்கள். 1988 சியோலில் ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் ஜாக்கி ஜாய்னர் கெர்சி எடுத்த 7291 புள்ளி இன்னும் யாரும் தாண்டாத சாதனை. பதினான்கு வயதில் ஆஸ்துமா என்று அறிந்த பவுலா ராட்கிளிஃப் 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். அது 2019 வரை நின்றது.

பேச முடிகிற வேகம்

ஒலிம்பிக் வீரர்கள் ஓடினால் நூலகத்துப் பெண்மணிக்கு என்ன? நடுவயதுக்காரர்கள் மெதுவாக ஓடுவது என்ற பழக்கமே உலகத்துக்குப் புதிது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், ஒலிம்பிக் வீரர்களைத் தயாரித்த கையோடு, இதய நோய் கண்டவர்களையும் தொந்தி வைத்தவர்களையும் மெல்ல ஓடவைத்தார். 1962இல் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், தன்னைவிட வயதான ஒருவரோடு ஓட முடியாமல் மூச்சு வாங்கியதைப் பிறகு வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பி ஆரிகனில் வகுப்பு நடத்தி, 1967இல் ஜாகிங் பற்றிப் புத்தகம் போட்டார். பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடு என்பது அந்த இயக்கத்தின் விதி. கருவியே இல்லாமல் மூச்சை அளக்கும் வழி அது. லிவர்பூலில் குழந்தைகளை ஊதவைத்ததும் ஆக்லாந்தில் பெரியவர்களை ஓடவைத்ததும் ஒரே வருடம். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டும் சேர்ந்தது பிறகு. 1990இல் ஸ்காட்லாந்தில் ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கு மூன்று மாதம் முறைப்படி உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். உடல் திறன் கூடியது, அதே வேலைக்கு மூச்சுத் திணறல் குறைந்தது. இப்படிப்பட்ட 21 ஆய்வுகளை, 772 பேரின் முடிவுகளை, 2013இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆஸ்துமாக்காரர்கள் பயிற்சியைத் தாங்குகிறார்கள், உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடுகிறது, ஆனால் ஊதும் அளவு பெரிதாக மாறவில்லை என்பது முடிவு. 2015இல் பிரேசிலின் சாவோ பாலோவில் டிரெட்மில்லில் பன்னிரண்டு வாரம் பயிற்சி பெற்ற பெரியவர்களுக்குக் காற்றுக்குழாயின் எளிதில் சிலிர்க்கும் தன்மையே கொஞ்சம் குறைந்தது.

ஓட்டம் ஆஸ்துமாவைக் குணப்படுத்துமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். என் பீக் ஃப்ளோ ஓட ஆரம்பித்தபோது இருந்த அதே 380தான். மாறியது வேறு. முன்பு இரண்டாம் மாடிக்குப் புத்தகக் கட்டோடு ஏறினால் படியிலேயே உட்கார்ந்துவிடுவேன். பழகிய தசை அதே வேலைக்குக் குறைந்த காற்றே கேட்கும். மைலேஜ் கூடிய வண்டி மாதிரி, டேங்க் பெரிதாகவில்லை, பெட்ரோல் குறைவாகச் செலவாகிறது. குறைந்த காற்று என்றால் குழாய் உலர்வதும் குறைவு, இழுப்புக்கு முன் கிடைக்கும் தூரம் அதிகம்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1993இல் ஸ்வீடனில் நீண்ட தூரப் பனிச்சறுக்கு வீரர்களைச் சோதித்தபோது, அவர்களில் ஆஸ்துமா வழக்கத்துக்கு மீறி அதிகமாக இருந்தது. உறைபனிக் காற்றைப் பல வருடம் லிட்டர் லிட்டராக இழுத்ததன் பலன். காற்று கெட்டிருந்தால் உலக சாம்பியனும் ஒதுங்க வேண்டும். ஆஸ்துமாவோடு ஓடிய எத்தியோப்பியாவின் ஹெய்லி கெப்ரசிலாசி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானைக் காற்று மாசுக்காகத் தவிர்த்தார். அதே செப்டம்பரில் பெர்லினில் 2 மணி 3 நிமிடம் 59 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். போகிப் புகையிலும் தீபாவளி மறுநாளிலும் நான் ஓடாமல் இருப்பதை என் ஓட்டக் கூட்டாளிகள் சோம்பல் என்று கேலி செய்யும்போது ஹெய்லியின் பெயரைச் சொல்லிவிடுவேன்.

இன்று என் காலை வழக்கத்தில் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது. எழுந்ததும் ஊதிப் பார்ப்பேன். நல்ல நாள் அளவில் 80 விழுக்காட்டுக்கு, அதாவது 304க்குக் கீழே இருந்தால் ஓட்டம் இல்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி ஓடுவதற்குச் சற்று முன் பஃப். ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று சில தடவை. பிறகு பேச முடிகிற வேகத்தில் நீள ஓட்டம். நிறுத்தும்போது சட்டென்று நிற்காமல் நடந்து முடிப்பேன், இன்ஹேலர் இடுப்புப் பையில் இருக்கும். ஓடி முடித்துப் பத்து நிமிடம் கழித்து இருமல் வந்தால் அதையும் குறித்துவைப்பேன். தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டை, ஓட்டம் நன்றாகப் போகிறதே என்று ஒரு நாளும் விட்டதில்லை. விரிக்கும் மருந்தை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019இல் திருத்தி எழுதிவிட்டது. இன்ஹேலர் பழகிவிடும், பிறகு விட முடியாது என்று நம் ஊரில் இன்னும் பயப்படுகிறார்கள். ஓடுவதற்கும் அதே மாதிரிதான் பயப்படுகிறார்கள். இரண்டு பயத்துக்கும் மருந்து அளவுதான்.

பல பள்ளிகளில் இன்றும் பி.டி. பீரியடில் ஒரு பிள்ளை மரத்தடியில் உட்காரவைக்கப்படுகிறது. வீட்டிலிருந்து வந்த கடிதத்தில் வீசிங் என்று எழுதியிருக்கும். கடிதம் எழுதிய பெற்றோரையும் உட்காரவைத்த ஆசிரியரையும் நான் குறை சொல்லவில்லை, அரிட்டேயஸ் பார்த்ததையே அவர்களும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஓடலாமா, கூடாதா என்ற கேள்வி 1962லேயே காலாவதியாகிவிட்டது. எத்தனை நிமிடம், எந்தக் காற்றில், எந்த மருந்துக்குப் பிறகு என்பதே இப்போது கேட்க வேண்டியது. அந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் பீக் ஃப்ளோ மீட்டரின் விலை ஒரு ஜோடி ஓட்டக் காலணியைவிடக் குறைவு. விளையாட்டு ஆசிரியரின் மேஜையில் விசிலுக்குப் பக்கத்தில் அதில் ஒன்று இருக்க வேண்டும்.